வெள்ளை என்றால் எந்த வெள்ளை?

2022 மே மாதம், கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம். எனக்கு நாள் தள்ளி ஐந்து நாள் ஆகியிருந்தது. பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக் கொண்டிருந்தபோது உள்ளாடை ஈரமாவது தெரிந்தது. சரி, வந்துவிட்டது என்று நினைத்துக் கீழே ஓடினேன். ரத்தம் இல்லை. வடித்த கஞ்சியில் நிறையத் தண்ணீர் ஊற்றினால் எப்படி இருக்குமோ, அப்படி வெளுப்பாக ஒரு ஈரம்.

மாதவிடாய்க்கு முன்னால் எனக்கு எப்போதும் கொஞ்சம் வெள்ளைப்படும். ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். இந்த முறை நிற்கவில்லை. பெரம்பூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுன் வரை நடந்து, பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் ஆபீஸுக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"உடம்பு சூடும்மா. இந்த வெயில்ல ரெண்டு ரயில் மாறிப் போயிட்டு வர்ற. வெந்தயத்தை ராத்திரி மோர்ல ஊறப்போட்டு, காலையில வெறும் வயித்துல குடி, சரியாயிடும்."

குடித்தேன். மறுநாள் காலையில் 50 ரூபாய் கிட் வாங்கிப் பார்த்ததில் இரண்டு கோடு விழுந்தது. கல்யாணமாகி நான்கு வருடம் காத்திருந்த கோடு. சந்தோஷத்தில் ஒரு மணி நேரம் எதுவும் ஓடவில்லை. அப்புறம் முதலில் ஞாபகத்துக்கு வந்தது அந்த வெள்ளைதான். சின்ன வயதில் பாட்டி பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்வார்: "எலும்பு உருகி வெள்ளையா போகுது, அதான் அவ இப்படி இளைச்சுக் கெடக்கா." இன்னொரு உறவினர், வெள்ளைப்பட்டால் கரு தங்காது என்றே சொல்லியிருக்கிறார். யார் எப்போது சொன்னது என்பது கூட மறந்துவிட்ட பேச்சுகள் எல்லாம் அன்று ராத்திரி வரிசையாக வந்து நின்றன.

முதலில் போன கிளினிக்கில், டாக்டர் அறைக்குள்ளேயே அடுத்த நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய கணவர். வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு சிஸ்டர். "வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். நான் அந்தக் கணவரைப் பார்த்தேன். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன். ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார், வெளியே வந்துவிட்டேன். அந்த அறையில் எத்தனை பெண்கள் என்னைப் போல "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். கேள்வி கேட்டுவிட்டால் மட்டும் போதாது. பதில் சொல்ல ஒரு திரையாவது வேண்டும்.

ஆபீஸ் தோழி ஒருத்தி சொல்லி வேறொரு டாக்டரிடம் போனேன். வயதானவர், கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார். "வெள்ளைப்படுது டாக்டர்" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எந்த வெள்ளை?"

புரியாமல் நிமிர்ந்தேன்.

"பால் வெள்ளையா, தயிர் வெள்ளையா, சாம்பல் பூத்த வெள்ளையா? வாடை இருக்கா? அரிக்குதா? ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?"

எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேனே தவிர, ஒரு முறை கூட நிதானமாகப் பார்க்கவில்லை. கண்ணை எடுத்துவிட்டு உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் பன்னிரண்டு வயதிலிருந்து பழக்கம். "பார்த்துட்டு வா, அப்புறம் பேசலாம்" என்று உள்ளேயே இருந்த பாத்ரூமைக் காட்டினார். பார்த்துவிட்டு வந்து சொன்னேன்: பால் மாதிரி, தண்ணியா, வாடை பெரிதாக இல்லை, அரிப்பு இல்லை.

"அப்போ இது நோய் இல்லம்மா. உன் உடம்பு வேலையை ஆரம்பிச்சிருக்கு."

மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கருப்பையை வரைந்து அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கரு தங்கியதும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏற ஆரம்பிக்கிறது. இடுப்புப் பகுதிக்குப் போகும் ரத்த ஓட்டமும் கூடுகிறது. கருப்பை வாயில் இருக்கும் சுரப்பிகள் இந்த இரண்டுக்கும் சேர்த்து வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கின்றன. அந்தச் சுரப்போடு பிறப்புறுப்பின் உள்சுவரில் உதிரும் பழைய செல்களும் சேர்ந்து வருவதுதான் இந்தப் பால் வெள்ளை. கருப்பை வாய்க்குள்ளேயே கெட்டியான சளி ஒன்று திரண்டு, வாசலை அடைத்துக்கொள்கிறது. பிரசவ நேரம் நெருங்கும் வரை அது அங்கேயே இருக்கும். வெளியிலிருந்து கிருமி மேலே ஏறாமல் இருக்க உடம்பே வைக்கும் அடைப்பு.

இன்னொன்றும் சொன்னார், எனக்கு மிகவும் பிடித்தது. பாலைத் தயிராக்கும் கிருமிகளின் இனத்தைச் சேர்ந்த லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமிகள் அங்கே குடியிருக்கின்றன. உள்சுவரில் இருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்திலிருந்து அவற்றுக்குத் தீனி கிடைக்கிறது, அதை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அதனால் அந்த இடம் எப்போதும் லேசான புளிப்போடு இருக்கிறது. புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் சாதாரணமாக 4.5-க்குக் கீழே. அந்தப் புளிப்பில் பல கெட்ட கிருமிகள் பிழைக்காது. மெல்லிய புளித்த வாடை வருவது இதனால்தான். அதை அழுக்கு என்று நினைத்து சோப்புப் போட்டு உள்ளே கழுவினாலோ, விளம்பரத்தில் வரும் வாசனைத் திரவங்களைப் பயன்படுத்தினாலோ நாம் துரத்துவது காவல்காரரைத்தான். வெளிப்பக்கத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

இவ்வளவு தெரிந்த பிறகு நான் அம்மாவின் 'சூடு' என்ற சொல்லைப் பற்றி நிறைய யோசித்தேன். அந்தச் சொல்லின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாலு பேர் இருக்கும் கூடத்தில் "சூடு பிடிச்சிருக்கு" என்றால் எல்லாருக்கும் புரியும், யாரும் மேலே கேட்க மாட்டார்கள், இளநீர் வாங்கி வருவார்கள். வெட்கப்படாமல் சொல்ல நம் பெண்களுக்கு இருந்த ஒரே சொல் அதுதான். வெந்தய மோரால் எனக்குக் கெடுதல் ஒன்றும் வரவில்லை, வெயிலுக்கு இதமாகவே இருந்தது. ஆனால் சூடு என்ற அந்த ஒரே பைக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். ஆரோக்கியமான பால் வெள்ளையும் அதற்குள், அரிக்கும் தயிர் வெள்ளையும் அதற்குள், நாற்றமடிக்கும் சாம்பல் வெள்ளையும் அதற்குள். ஒன்றுமில்லாததற்குப் பயந்து தூக்கம் கெடுவது ஒரு பக்கம், மருந்து தேவைப்படுவதை மாதக்கணக்கில் மோர் குடித்துத் தள்ளிப்போடுவது இன்னொரு பக்கம். சூட்டைத் தணிக்க என்று கர்ப்பிணிகள் கற்றாழைச் சாறு குடிப்பதையும் கேட்டிருக்கிறேன். கர்ப்பத்தில் கற்றாழையை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார்.

பலர் என்னிடம் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வெள்ளைப்படுவதை வைத்து "தங்கிவிட்டது" என்று முடிவு கட்ட முடியாது. மாதவிடாய்க்கு முன்னாலும் வரும், கருமுட்டை வெளிவரும் நாட்களில் முட்டை வெள்ளைக்கரு போல இழையாக வரும், சிலருக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் பெரிய வித்தியாசமே தெரியாது. நாள் தள்ளிய பிறகு சிறுநீரில் பார்க்கும் கிட்டோ, ரத்தத்தில் பார்க்கும் பீட்டா ஹெச்.சி.ஜி. பரிசோதனையோதான் சொல்லும்.

டாக்டர் சொன்னபடி தினமும் பார்க்க ஆரம்பித்தேன். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே பென்சிலால் 'பா' என்று எழுதி வைப்பேன், பால் வெள்ளைக்கு. அத்தை, என் மாமியார், பால் கணக்கு என்று நினைத்துக்கொண்டார்.

ஏழாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீஸ் பாத்ரூமில் 'பா' இல்லை. காபித் தூள் கரைந்த மாதிரி பழுப்பாக, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறை. கை நடுங்கியது. வழக்கம் போல உடனே கழுவப் போய், நிறுத்திப் பார்த்தேன். பழுப்பு, சிவப்பு இல்லை. கட்டி இல்லை. வயிற்று வலி இல்லை. பாத்ரூமிலிருந்தே டாக்டருக்குப் போன் செய்து அதே வரிசையில் சொன்னேன். என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவரும் வரிசையாகவே கேட்டார். "அடிவயிறு ஒரு பக்கமா வலிக்குதா? மயக்கம் வருதா? தோள்பட்டை வலி?" தோள்பட்டையா என்று கேட்டேன். "இருந்தா இப்பவே வா. இல்லன்னா நாளைக்குக் காலைல ஸ்கேனுக்கு வா."

தோள்பட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பிறகு விளக்கினார். 100 கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயிலேயே, தங்கிவிடும். அது வளர்ந்து குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். அந்த ரத்தம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும்போது, அந்த நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால், வலி தோள் நுனியில் தெரியும். வெளியே ஒரு சொட்டு பழுப்பு, உள்ளே பெரிய ரத்தப்போக்கு என்று இருக்கலாம். உயிருக்கு ஆபத்தான நிலை அது. ஒரு பக்க வலி, தலைசுற்றல், தோள் வலி இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். "வாயுப் பிடிப்பு" என்று ஓமத் தண்ணீர் குடித்துப் படுக்கிற வலி இல்லை இது.

எனக்கு அவை எதுவும் இல்லை. மறுநாள் ஸ்கேனில் கரு கருப்பைக்குள்ளே, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. திரையில் ஒரு அரிசி நொய் அளவுக்கு ஏதோ துடித்தது. பழுப்பு என்றால் பழைய ரத்தம், மெதுவாக வெளியேறுவதால் நிறம் மாறியிருக்கிறது என்றார். முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு கர்ப்பிணிக்குக் கொஞ்சமாவது ரத்தம் படுகிறது, அவர்களில் பலருக்கும் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. கரு ஒட்டிக்கொள்ளும் சமயத்தில், அதாவது கருத்தரித்துச் சுமார் 10 முதல் 14 நாளில், சிலருக்கு லேசாகப் படலாம். கருப்பை வாயில் ரத்த ஓட்டம் கூடியிருப்பதால் உடலுறவுக்குப் பிறகோ உள்பரிசோதனைக்குப் பிறகோ படலாம். ஆனால் எது எந்தக் காரணம் என்று வீட்டில் உட்கார்ந்து நாமே தீர்ப்பு எழுதக் கூடாது. சிவப்பாக, மாதவிடாய் போல வந்தாலோ, கட்டியாக வந்தாலோ உடனே போக வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை மறக்காமல் சொல்ல வேண்டும், ஊசி போட வேண்டியிருக்கலாம்.

அடுத்தது ஜூன் நடுவில், பதினோராவது வாரம். காலண்டரில் 'த' எழுதினேன். தயிர். உறைந்த தயிரைக் கரண்டியால் உடைத்த மாதிரி கட்டி கட்டியாக, வாடையே இல்லாமல். ஆனால் அரிப்பு! ரயிலில் நின்றுகொண்டு வர முடியவில்லை. இரவு பனியனைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அன்று டாக்டர் ஊரில் இல்லை. என் கணவர் மருந்துக் கடைக்குப் போய், எப்படியோ தயங்கித் தயங்கிச் சொல்லி, ஒரே ஒரு கேப்ஸ்யூலை செய்தித்தாளில் சுற்றி வாங்கி வந்தார். "ஒண்ணு போட்டா போதுமாம், நின்னுடுமாம்." மனைவி கர்ப்பம் என்று இவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தேன். ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். டாக்டருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "வேண்டாம்."

கர்ப்பத்தில், அதிலும் முதல் மூன்று மாதத்தில், தயிர் வெள்ளையைக் கொண்டுவரும் பூஞ்சைத் தொற்றுக்கு வாய்வழி ஃப்ளூகோனசோலைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சைத் தொற்று கர்ப்பிணிகளுக்குச் சாதாரணமாகவே அதிகம் வரும், ஹார்மோன் மாற்றம் அதற்குச் சாதகமாக இருக்கிறது. பிறப்புறுப்பில் வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரையை ஏழு இரவு வைக்கச் சொன்னார். மூன்றாம் நாளே அரிப்பு அடங்கியது, ஆனாலும் ஏழு நாளும் முடிக்க வேண்டும் என்றார், முடித்தேன். கர்ப்பிணிக்கு மருந்து வாங்கப் போகும் கணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து "கர்ப்பமா இருக்காங்க" என்ற இரண்டு வார்த்தையை முதலில் சொல்லுங்கள்.

எனக்கு வராத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் பூத்த, மெல்லிய வெள்ளையில் மீன் வாடை வந்தால், அதுவும் உடலுறவுக்குப் பிறகு வாடை தூக்கலாக இருந்தால், நல்ல கிருமிகள் குறைந்து மற்றவை பெருகிவிட்டன என்று பொருள். கர்ப்பத்தில் இதற்கும் குறைப் பிரசவத்துக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது, அதனால் காட்டிவிட வேண்டும். மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்துக்கொண்டு வந்தால் டிரைகோமோனாஸ் என்ற பாலுறவுத் தொற்றாக இருக்கலாம், மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போகாது, கணவரும் சாப்பிட வேண்டும். இரண்டுக்கும் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

மருந்தோடு டாக்டர் கேட்ட இன்னொரு கேள்வி: "உள்துணியை எங்க காயப்போடறே?" துண்டுக்கு அடியில், என்றேன். எங்கள் மாடிக் கொடியில் முதலில் உள்பாவாடை, அதன் மேல் துண்டு, யார் கண்ணிலும் படாமல் உள்ளாடை நடுவில். வெயில் படாது. மழைக்காலத்தில் பாதி ஈரத்தோடே எடுத்துப் போட்டுக்கொள்வேன், சென்னையின் புழுக்கத்தில் அது நாள் முழுக்கக் காயாமல் உடம்பிலேயே இருக்கும். அவர் அதைத்தான் பிடித்தார். பருத்தித் துணி, நன்றாகக் காய்ந்தது, இறுக்கம் இல்லாதது, நனைந்ததும் மாற்றுவது. லைனர் வைத்தாலும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது. மறுநாள் காலை அத்தை மாடிக்கு வந்தபோது துண்டைத் தனியாகவும் உள்ளாடையைத் தனியாகவும் போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவருடையதும் கொடியில் வெயிலில் காய்ந்தது.

2023 ஜனவரியில் மகள் பிறந்தாள். அம்மா வந்து நாற்பது நாள் இருந்தார். ஒரு மதியம் பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் இந்தக் காலண்டர் கதையை முழுதாகச் சொன்னேன். பால், தயிர், சாம்பல், பழுப்பு. கேட்டுக்கொண்டே இருந்தவர், கையை நிறுத்தாமல் கேட்டார்:

"ரோஸ் கலர்ல வந்தா என்னம்மா?"

அம்மாவுக்கு அப்போது 57 வயது. மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்தபின் ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் பரிசோதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எத்தனை நாளாக என்று கேட்டேன். சூடு என்று நினைத்து வெந்தயம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

திருவல்லிக்கேணியில் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வோம், நான் பிறந்ததும் அங்கேதான். ஆண் டாக்டரிடம் காட்ட மறுத்து வீட்டுக்குள்ளேயே துன்பப்பட்ட பெண்களுக்காக 1885-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அதற்கு முன்நின்றவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப், 1875-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். பெண்கள் வாய் திறந்து சொல்ல ஒரு அறை வேண்டும் என்று இந்த ஊரில் அப்போதே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

அங்கே பரிசோதித்ததில் கருப்பை வாயில் பாலிப் என்ற சிறிய சதை வளர்ச்சி இருந்தது. எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை நாங்கள் இருந்த இருப்பை எழுத வரவில்லை. புற்றுநோய் இல்லை என்று வந்தது.

முதல் நாள் ஓ.பி. வரிசையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டார்கள். இளம் டாக்டர், என்னைவிடச் சின்னவர். "என்னம்மா பண்ணுது?" என்றார். நான் சொல்லட்டும் என்று அம்மா பார்த்தார், என்னிடம் கண்ணைக் காட்டினார். நான் பேசாமல் இருந்தேன். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"தண்ணி மாதிரி வருதும்மா. லேசா ரோஸ் கலரு. வாடை இல்ல, அரிப்பு இல்ல. நாலு மாசமா."